உப்பில்லாப் பத்தியம்

ஒன்பது வயசில் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசியவன் நான். இதை எத்தனையோ கல்யாணப் பந்தலில் சொல்லியிருக்கிறேன். மாட்டுத் தரகர்கள் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். தோள் துண்டை இரண்டு பேர் கைமேலும் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். அந்தத் துண்டுக்குள் ஒரு பொடியன் கை போனதென்றால் சும்மாவா? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் இன்றைக்கு போர்வெல் போடுகிற ரிக் வண்டி இரண்டு, லாரி ஒன்பது என்று நிமிர்ந்து நிற்கிறேன் என்றால், விதை அங்கே விழுந்தது என்பேன். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். அவர்களில் பாதிப்பேர் என்னிடம் சம்பளம் வாங்குகிறவர்கள்.

அன்றைக்குச் சந்தையில் என்ன சரக்கை வைத்து வியாபாரம் ஆரம்பித்தேன் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

போன சித்திரையில் அஸ்தம்பட்டியில் இருக்கும் பேத்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் பையனுக்கு மூன்று வயசு. பிறந்ததிலிருந்து ஓயாத சளி. டாக்டர் அவன் வேர்வையை எடுத்துச் சோதித்து, அதில் உப்பு அதிகம் என்று கண்டு, நோய்க்குப் பேர் சொன்னாராம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். பேத்தி காகிதத்தில் எழுதிக் காட்டியும் எனக்கு வாயில் நுழையவில்லை. உடம்பில் இருக்கிற உப்பெல்லாம் வேர்வையில் போய்விடும், நெஞ்சுச் சளி பசை மாதிரி கட்டிக்கொள்ளும், வம்சத்தில் வருவது என்றாள்.

"வெயில் காலத்துல உப்பு கூடவே குடுக்கோணுங்க தாத்தா. கொறைச்சா ஆபத்துங்க" என்று சொல்லிக்கொண்டே பையனைத் தலையணைமேல் தலைகீழாகச் சாய்த்து, உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்ட ஆரம்பித்தாள். தொப், தொப், தொப்.

நான் எழுந்து வெளியே வந்து காரில் உட்கார்ந்துகொண்டேன். "ஏசி போடட்டுங்களா" என்றான் டிரைவர். அவனுக்கு என்ன தெரியும்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். என்னைவிட மூன்று வயசு இளையவன். நான் ஒருநாள் தும்மியது கிடையாது. அவன் ஒருநாள் இருமாமல் இருந்தது கிடையாது. என்னைவிட இரண்டு கவளம் கூடத்தான் தின்பான், ஆனால் கைகால் குச்சி குச்சியாகவே இருக்கும். ஊர் வைத்தியர் கணைச்சூடு என்றார். வெயிலில் விளையாடிவிட்டு வந்தால் அவன் நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். தொட்டு நக்கினால் உப்புக் கரிக்கும். அவனுக்கும் உப்பென்றால் உயிர். கூழ் குடிக்கும்போது உப்புக்கல்லைத் தனியாக வாங்கி வாயில் அடக்கிக்கொள்வான்.

அந்தக் காலத்தில் அப்பா வாடகை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ராசிபுரத்திலிருந்து சேலத்துக்குக் கடலைக்காய் மூட்டை ஏற்றிப் போவார். மாட்டை அவிழ்த்துவிட்டால் நுகத்தடி தரையைத் தொட, வண்டி முன்பக்கமாகச் சரிந்து நிற்கும். ஒருநாள் அந்தச் சரிவில் தம்பி தலைகீழாகப் படுத்துத் தூங்கிப்போனான். எழுந்தவன் கட்டி கட்டியாகச் சளி துப்பினான். அன்றைக்கு முழுக்க நன்றாக மூச்சு விட்டான். அம்மா அதைக் கவனித்துவிட்டாள். எந்த டாக்டரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அவளாகவே கண்டுபிடித்தாள். அன்றுமுதல் காலையும் சாயங்காலமும் தம்பியை வண்டிச் சரிவில் குப்புறப் போட்டு, எண்ணெய் வாங்கக் குழிக்கிற மாதிரி கையைக் குழித்து, முதுகிலும் விலாவிலும் தட்டுவாள். இருநூறு தட்டு. அது முடிகிறவரை அப்பா மாட்டைப் பூட்ட மாட்டார். மூட்டைக்காரர்கள், "உம்பட வண்டி எப்பவுமே பொழுது கெளம்பித்தான் வருது" என்று கேலி பேசுவார்கள். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நிற்பார்.

எங்கள் மாமன், அம்மாவுக்கு இளையவர், மாட்டுத் தரகு பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் அவரிடம் ஒரு செவலை எருது அகப்பட்டுக்கொண்டது. பார்வைக்கு ராஜா மாதிரி இருக்கும். ஆனால் புது ஆள் முன்னால் வந்து நின்றால் கொம்பைத் தாழ்த்தும். இரண்டு சந்தைக்குக் கொண்டுபோய் இரண்டு சந்தையிலும் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டு வாசலில் அதைக் கட்டிவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டி தம்பியைக் கண்டால் விடாது. கை, கழுத்து, முதுகு என்று நக்கிக்கொண்டே நிற்கும். மாமனிடம் சொன்னேன். மாமன் நம்பவில்லை. தம்பியை நான்கு சுற்று ஓடவிட்டு, வேர்வையோடு கொண்டுபோய்ச் செவலை முன்னால் நிறுத்தினேன். எருது ஒரு தரம் மூக்கால் மோந்தது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு நக்க ஆரம்பித்துவிட்டது. மாமன் போய் அதன் கொம்பைப் பிடித்தார், திமிலைத் தடவினார். அது அசையவே இல்லை.

"மாப்ளெ" என்றார் மாமன், "நீ சாதாரண ஆளில்லடா."

இந்த வார்த்தைக்கு நான் அந்த வயசில் மலையேறிக் குதித்திருப்பேன்.

தம்பியைச் சந்தைக்குக் கூட்டிப்போக அம்மா சம்மதிக்க வேண்டுமே. மாமன் ஒரு கதை கட்டினார். கொல்லிமலையிலிருந்து ஒரு வைத்தியர் வருஷத்துக்கு ஒருதரம் கூடுகிற கோடைச் சந்தைக்கு வருகிறார், கணைச்சூட்டை வேரோடு அறுக்கிற மருந்து அவரிடம் இருக்கிறது என்றார். அம்மா தன் கூடப்பிறந்தவனை முழுசாக நம்புகிறவள் இல்லை. என் பக்கம் திரும்பினாள்.

"நெசமா சாமி?"

"நெசந்தானுங்கம்மா. போன சந்தையில நானே பாத்தனுங்க" என்றேன். போன சந்தைக்கு நான் போகவே இல்லை.

அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தானும் வருகிறேன் என்றாள். "மாட்டுச் சந்தையில பொம்பளைக்கு என்ன வேலைக்கா" என்று மாமன் அடக்கிவிட்டார். அப்படியானால் அங்கே தட்டுகிற வேலை உன்னுடையது என்று என்னிடம் சொல்லி, வண்டிச் சரிவில் தானே குப்புறப் படுத்து, தன் முதுகில் என்னைத் தட்டிப் பழகச் சொன்னாள். "வலிக்காது சாமி, இன்னும் நல்லா. கையக் குழி. ஆங், அப்படித்தான்." எனக்கு நூறு வரைதான் எண்ணத் தெரியும். இரண்டு நூறு எண்ணிக்கொள் என்றாள்.

சந்தை நாமகிரிப்பேட்டையைத் தாண்டி ஒரு புளியந்தோப்பில் கூடியது. நல்ல கோடை. தம்பியை ஓடவிட்டோம், வெயிலில் நிறுத்தினோம், வேர்வை காய்ந்தால் மறுபடியும் ஓடவிட்டோம். முதலில் கூச்சம் தாங்காமல் சிரித்தான். எருதின் நாக்கு அரம் மாதிரி இருக்கும். மத்தியானத்துக்குள் அவன் கையும் நெஞ்சும் சிவந்துபோயின. "அண்ணா, எரியுது" என்றான். "இன்னும் ஒரே ஆளுடா" என்றேன். பனமரத்துப்பட்டிப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் வந்து பார்த்தார். ஒரு சின்னப் பையன் முகத்தை நக்கிக்கொண்டு நிற்கிற எருதைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? பல்லைப் பார்த்தார், சுழியைப் பார்த்தார், வாங்கிக்கொண்டு போனார். அது பிற்பாடு அங்கே யாரைக் குத்தியதோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயன்றதில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் மாமன் அடுத்த பேரத்தில் என் கையைத் துண்டுக்குள் விடச் சொன்னார். எதிராளி என் விரலைத் தொட்டுவிட்டு, "அட, தரகன் பல்லு மொளைச்சு வந்துட்டானப்பா!" என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நான் அங்கேயே இரண்டு முழம் வளர்ந்துவிட்டேன். தம்பி ஒரு வண்டி நிழலில் சுருண்டு படுத்துப் புழுதியில் இருமிக்கொண்டிருந்தான். தட்டினேனா? இல்லை. அத்தனை ஆம்பிளைகள் பார்க்க ஒரு பையன் முதுகைத் தட்டிக்கொண்டு உட்கார எனக்கு மானக்கேடாக இருந்தது.

திரும்பி வரும்போது மாமன் ஒரு வேலியோரத்தில் ஏதோ வேரைப் பிடுங்கி இலையில் சுற்றி எடுத்துக்கொண்டார். "டேய், வைத்தியரைப் பாத்தோமுன்னு சொல்லோணும், தெரியுதா" என்று தம்பியிடமும் சொல்லிவைத்தார். வீட்டு வாசலில் அம்மா அந்தப் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்துக் கேட்டாள்:

"பத்தியம் என்ன சொன்னாரு?"

மாமன் விழித்தார். எங்கள் பக்கத்தில் பத்தியம் சொல்லாத மருந்தை மருந்தென்றே எவரும் மதிக்க மாட்டார்கள். மாமனுக்கு இது தோன்றவில்லை பாருங்கள். எனக்குத் தோன்றியது. எந்த வைத்தியரும் சொல்கிற பத்தியம் ஒன்று எனக்குத் தெரியும்.

"உப்பு ஆகாதுன்னாருங்கம்மா" என்றேன். "ஒரு மண்டலத்துக்கு."

மாமன் கிளம்பும்போது என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, "பொழச்சுக்குவடா நீ" என்றார்.

மறுநாளிலிருந்து தம்பிக்கு உப்பில்லாச் சோறு. அம்மாவும் அதையேதான் சாப்பிட்டாள். பிள்ளையை ஒதுக்கிவைத்துவிட்டுத் தான் மட்டும் ருசியாகத் தின்ன அவளுக்கு மனசு வரவில்லை. எனக்கும் அப்பாவுக்கும் தனிச் சட்டியில் குழம்பு வைத்தாள். உப்புச் சாடியைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். வேரை இழைத்துக் காலையில் கொடுத்தாள், தட்டினாள், சாயங்காலம் மறுபடியும் தட்டினாள்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ தம்பி என்னிடம் வந்தான். "அண்ணா, ஒரே ஒரு கல்லு உப்புண்ணா." நான் கொடுக்கவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் பொய்யை அதற்குள் நானே பாதி நம்ப ஆரம்பித்திருந்தேன். மண்டலம் முடிந்தால் ஒருவேளை குணமாகிவிடுமோ என்று நினைத்தேன். அப்படிக் குணமானால் அது என் மருந்து.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஒருநாள் அவன் மாட்டுத் தொட்டியருகே குந்தியிருந்தான். பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய உப்புக்கல் வாயில் இருந்தது. நான் பார்த்துவிட்டேன். "அம்மா, தம்பி உப்புத் திங்கறானுங்க!" என்று கத்தினேன். அம்மா ஓடிவந்து அவன் வாயைத் திறந்து விரலை விட்டுச் சுரண்டி எடுத்தாள். அவனும் அழுதான், அவளும் அழுதாள். "உன்ற நல்லதுக்குத்தான் கண்ணு, உன்ற நல்லதுக்குத்தான்" என்று சொல்லிச் சொல்லி வாயைக் கழுவிவிட்டாள். இத்தனை வருஷத்தில் லாரி கவிழ்ந்திருக்கிறது, கோர்ட் படி ஏறியிருக்கிறேன். எதுவும் என்னைத் தூக்கத்தில் எழுப்பியதில்லை. அந்த விரல் எழுப்பும்.

இரண்டு வாரம் தாண்டவில்லை. தம்பி ஒருநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. கண் குழிவிழுந்து, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு, உடம்பு கொதித்தது. அம்மா தட்டிப் பார்த்தாள். சளி ஒரு துளி வரவில்லை. உள்ளே அரக்காகக் காய்ந்துவிட்டது. ஏற்றியிருந்த மூட்டைகளை அப்பா தெருவிலேயே இறக்கிப் போட்டுவிட்டு, அவனைப் படுக்கவைத்து வண்டியைச் சேலத்துக்கு ஓட்டினார். மாடுகளைச் சாட்டையால் தொடாதவர் அன்றைக்கு வழியெல்லாம் அடித்தார்.

ஆஸ்பத்திரி டாக்டர் தம்பியின் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, என்ன சாப்பாடு கொடுத்தீர்கள் என்று கேட்டார். அம்மா சொன்னாள். அவருக்கு வந்ததே கோபம்.

"இந்த வெயில்ல கொழந்தைக்கு உப்பே குடுக்கலியா? எந்த முட்டாள் சொன்னான்?"

"பெரியவருங்க சாமி" என்றாள் அம்மா, கைகூப்பியபடி. "அவரைத் திட்டாதீங்க. நானு பத்தியத்துல ரொம்பக் கெட்டியா இருந்தது என்ற தப்புங்க. என்னையத் திட்டுங்க."

நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். தூண் அகலமாக இருந்தது.

காலராக்காரர்களுக்கு ஏற்றுகிற உப்புத்தண்ணீரைத் தம்பி உடம்பில் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தான். கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். அம்மா கொல்லிமலை இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் உப்பை எடுத்தாள். ஒரு மண்டலம் என்று நேர்ந்துகொண்ட பத்தியத்தைப் பாதியில் முறிக்கிறாள் அல்லவா.

உப்பு அவனைப் பிழைக்க வைத்தது. ஆனால் அந்தக் காய்ச்சலில் நெஞ்சு கெட்டது கெட்டதுதான். மழைக்காலம் முழுக்க இருமினான். அம்மா இரண்டு வேளையை மூன்று வேளையாக்கினாள். ஆடாதோடை இலையைக் காய்ச்சிக் கொடுத்தாள், நொச்சி போட்டு ஆவி பிடிக்கவைத்தாள். எத்தனை செய்தாலும் கடைசியில் ஒரே பேச்சுத்தான்: "மண்டலத்தை முடிச்சிருந்தா வேரோட போயிருக்கும். நாந்தான் முறிச்சுப்போட்டேன்." மாமன் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டார். தம்பியை விட்டால், உண்மை தெரிந்து பக்கத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான்.

தம்பி போனபிறகும் அவள் அதையே சொன்னாள். நான் முதல் லாரி வாங்கியபோது சொன்னாள். மாடி வீடு கட்டி, தனி அறை கொடுத்து, சுவிட்சைத் தட்டினால் காற்று வருகிற மாதிரி வைத்தபோதும், எண்பது வயசுக்கு மேலும், அந்தக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். "நீங்க முறிச்சதால அவன் போகலீங்கம்மா. வைத்தியருன்னு ஒருத்தரும் இல்லீங்க" என்று ஒரு வாக்கியம். கலெக்டரிடம் பேசியிருக்கிறேன், மந்திரியிடம் பேசியிருக்கிறேன், அந்த ஒரு வாக்கியம் எனக்கு வரவில்லை. வராமலே அவளைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனேன்.

தம்பி போவதற்கு முந்தின மாசம் அடுத்த வருஷத்துச் சந்தை வந்தது. பொம்பளைக்கு என்ன வேலை என்று தடுக்கப்பட்டவள், இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. ஏழு வயசுப் பையனை நாலு வயசுக் குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அந்த வைத்தியரைப் பார்த்து, பத்தியம் முறித்ததற்குக் காலில் விழுந்து, திரும்ப மருந்து வாங்க வேண்டும். அவர் முகம் தெரிந்தவன் நான்தானே. என்னைக் கூட்டிக்கொண்டாள்.

"எப்படி இருப்பாரு சாமி?"

"ஒசரமா இருப்பாருங்க. வெள்ளைத் தாடி. காதுல கடுக்கன்."

ஆயிரம் மாடுகளுக்கு நடுவில் நான் முன்னால் நடந்தேன், அவள் பின்னால் வந்தாள். தாடி வைத்த கிழவரையெல்லாம் நிறுத்தினாள். "ஏனுங்க, கொல்லிமலை வைத்தியரு நீங்களுங்களா?" ஒருவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஒரு தரகர், "வைத்தியமா? மாட்டுக்கா, மனுசனுக்கா?" என்று சிரித்தார். இன்னொருவர், "ஆத்தா, பையனை வெயில்ல வெச்சுக்கிட்டு ஏன் அலையறே, ஊடு போய்ச் சேரு" என்றார். நடுவில் ஒரு தடவை, யாரோ அவிழ்த்துவிட்டிருந்த வண்டியின் சரிவில் தம்பியைக் கிடத்தி, அத்தனை ஆம்பிளைகளும் பார்க்க இருநூறு தட்டும் தட்டினாள்.

பொழுது சாய்ந்து மாடுகள் கலையத் தொடங்கின. ஒரு புளியமரத்தடியில் அம்மா உட்கார்ந்துவிட்டாள். உதடு வெடித்திருந்தது.

"உன்ற கண்ணுக்குப் படவே இல்லியா சாமி?" என்று என்னைப் பார்த்தாள்.

அப்போது நான் அவள் பக்கத்தில் குந்தினேன். "அம்மா..." என்று ஆரம்பித்தேன். சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் மடியில் கிடந்த தம்பி அதற்குள் என்னைப் பார்த்தான். அந்தச் சந்தையில் வைத்தியரே இல்லை என்று அவனுக்கும் தெரியும். அவன்தானே நாள் முழுக்க எருதுக்கு முன்னால் நின்றவன். மெதுவாகக் கையைத் தூக்கி, புழுதிக்குள் போய்க்கொண்டிருந்த கூட்டத்தைக் காட்டினான்.

"அதா போறாருங்கம்மா அவரு. வெள்ளைத் தாடி. என்னையப் பாத்துச் சிரிச்சாரு. சரியாப் போயிரும்னு கையக் காட்டுனாரு."

அம்மா எழுந்து ஓடினாள். மாட்டுக் கால்களுக்கு நடுவே, "சாமி, நில்லுங்க சாமி!" என்று கூப்பிட்டுக்கொண்டு வெகுதூரம் ஓடினாள். திரும்பி வரும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது, ஆனால் முகம் மாறியிருந்தது. "உன்னையப் பாத்துச் சிரிச்சாரா கண்ணு? கையக் காட்டுனாரா?" என்று அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஊர் வந்து சேர்கிறவரை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே வந்தாள். அவனும் ஒவ்வொரு தடவையும், "ஆமாங்கம்மா" என்றான்.

நான் அவர்களுக்குப் பின்னால் நடந்தேன். நல்லவேளை, தப்பித்தோம் என்றிருந்தது. என்ன சாமர்த்தியமாகப் பொய் சொல்கிறான், இவனும் நம்மைப் போல விவரமானவன்தான், பெரியவனானதும் இவனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு மாட்டு வியாபாரம் பண்ணலாம் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.